வாசலில் முகம் காட்ட ஏற்ற ஹெல்மெட் எது? வெலிங்டனில் ஃபிளிப்-அப் வகையைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

படைமுகாம் வாசல்களை மோட்டார் சைக்கிளில் அடிக்கடி கடக்க வேண்டியவர்களுக்கு, ஹெல்மெட் வாங்கும்போது மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கேள்வி எழுகிறது. வளாகத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. ஓட்டுபவர் மட்டுமல்லாமல் பின்னால் அமர்ந்திருப்பவரும் அணிந்தே ஆக வேண்டும். அதே சமயம் வாசலில் நிற்கும் வீரருக்கு அடையாள அட்டையில் இருக்கும் முகமும் எதிரே இருக்கும் முகமும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டும். தலையை முழுதாக மூடும் கவசம் பாதுகாப்பானது, ஆனால் முகத்தை மறைக்கிறது. முகத்தைத் திறந்து வைக்கும் கவசம் வாசலுக்கு வசதியானது, ஆனால் தாடையைக் காப்பதில்லை. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே பொருள் நிறைவேற்ற முடியுமா என்பதைத்தான், தாடைப் பகுதி மேலே தூக்கித் திறக்கும் ஃபிளிப்-அப் ஹெல்மெட்டை நெடுநாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

நான் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குன்னூரை அடுத்து வசிக்கிறேன். கேன்டீன், ராணுவ மருத்துவமனை, பென்ஷன் தொடர்பான வேலைகள் என்று வெலிங்டனுக்குப் போய்வருவது என் அன்றாட வாழ்க்கையின் பகுதி. வெலிங்டனை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது நீலகிரியில் குன்னூரை அடுத்த படைமுகாம் ஊர்; ஆனால் நான்கு பக்கமும் மதில் எழுப்பிய ஒரே கோட்டை அல்ல. பிளாக் பிரிட்ஜ் போன்ற இடங்களில் ஊட்டிக்குப் போகும் பேருந்தும் சுற்றுலா வண்டியும் தாராளமாகப் போகின்றன. ஆனால் 1758-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம், ஸ்டாஃப் காலேஜ் போன்ற வளாகங்களுக்குத் தனித்தனி வாசல்கள் உண்டு. அந்த வாசல்களில் காவல் எப்படி நடக்கிறது என்ற விவரம் எதையும் நான் எழுதப் போவதில்லை. அது எழுதக்கூடியதும் அல்ல. சாலையில் போகும் எவரும் பார்க்கக்கூடியதும், வண்டி ஓட்டுகிறவர் தன் பக்கத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதும் மட்டுமே இதில் இருக்கும்.

எந்த நிறுவனத்தின் ஹெல்மெட் என்று கேட்பார்கள். இந்தியாவில் ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட், எஸ்எம்கே, எல்எஸ்2 ஆகிய எல்லா நிறுவனங்களும் இந்த வகையை விற்றிருக்கின்றன. 2,000 ரூபாயை ஒட்டிய விலையிலும் கிடைக்கிறது. இறக்குமதியானால் பல மடங்கு விலை. இது ஒரு தயாரிப்பைப் பற்றிய விமர்சனம் அல்ல, ஒரு வகையைப் பற்றியது என்பதால், நான் பயன்படுத்துவதன் பெயரைச் சொல்லவில்லை. வாசலில் எது உதவுகிறது, எது தொந்தரவு செய்கிறது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் கைகளைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் வாசலில் வரும் சிக்கலெல்லாம் கைகளில்தான் தொடங்குகிறது. நீலகிரியில் சமதளத்தில் அமைந்த வாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏற்றத்திலோ இறக்கத்திலோதான் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது வலது கை முன் பிரேக்கை விட முடியாது. பின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் இடது கால் ஒன்றுதான் தரையில் இருக்கும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டால் இடது கை மட்டுமே ஓய்வாகிறது. அந்த ஒரு கையால் அடையாள அட்டையை எடுக்க வேண்டும், நீட்ட வேண்டும், வாங்கி வைக்க வேண்டும், முகத்தையும் காட்ட வேண்டும். முழு மூடிய ஹெல்மெட் அணிந்தவர் இதே இடத்தில் படும் பாட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாடைப்பட்டையை அவிழ்க்க வேண்டும், மூக்குக் கண்ணாடி போடுபவரானால் அதை முதலில் கழற்ற வேண்டும், பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைக்க வேண்டும், அது உருண்டு விழாமல் முழங்கையால் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு கையும் வேண்டும் என்பதால் பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டு இறங்கியே ஆக வேண்டும். பின்னால் பள்ளி வாகனமும் ராணுவ லாரியும் காத்து நிற்கும்.

ஃபிளிப்-அப் ஹெல்மெட்டில் இந்த வேலை ஒரே அசைவாகச் சுருங்கிவிடுகிறது. தாடைக்குக் கீழே நடுவில் இருக்கும் பொத்தானை இடது கைக் கட்டைவிரலால் அழுத்தித் தூக்கினால் நெற்றியிலிருந்து தாடை வரை முழு முகமும் தெரியும். மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும், பட்டை அவிழவில்லை, தலை மூடியபடியே இருக்கிறது. என் அட்டையைப் பார்த்துவிட்டு இளம் வீரர் ஒருவர், "முகம் நல்லாத் தெரியுது சாப், கழற்ற வேண்டாம், போங்க" என்று சொன்னபோது, இந்த வகைக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்போகவில்லை என்று மனதாரத் தோன்றியது. ஆனாலும் இதை ஒரு சலுகையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுதாகக் கழற்றச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கழற்றுவதே முறை. அங்கே நிற்பவர் தன் கடமையைச் செய்கிறார்.

கடையில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அந்தப் பொத்தான்தான். சில தயாரிப்புகளில் ஒரே பொத்தானுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் சிறு நெம்புகோல்கள் இருக்கும்; இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் திறக்கும். அவை வாசலுக்குப் பயன்படாது. ஒரே பொத்தான் இருந்தாலும், கையுறை போட்ட விரலுக்கு அது தட்டுப்பட வேண்டும். எனவே கடைக்குப் போகும்போது கையுறையையும் எடுத்துச் சென்று, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, இடது கையால் மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். நீலகிரியின் மார்கழிக் காலையில் கம்பளிக் கையுறைக்கு மேல் மழைக் கையுறை போட்ட விரல்கள் எவ்வளவு மரத்துப்போகும் என்பது இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த விரலுக்குப் பிடிபடாத பொத்தான் இருந்தும் பயனில்லை.

தாடைப் பகுதி மேலே நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பது அடுத்தது. வாங்கிய புதிதில் எல்லாமே இறுக்கமாகத்தான் இருக்கும். என்னிடம் முன்பு இருந்த ஹெல்மெட்டில் கீல் நாளடைவில் தளர்ந்து, அட்டையைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் தாடைப் பகுதி கீழே இறங்க ஆரம்பித்தது. சிறிது காலத்தில் ஒரு பக்கக் கொக்கி மாட்டாமலே மறு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளவும் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியிருப்பதுபோலத் தெரியும், ஆனால் விழுந்தால் திறந்துகொள்ளும். கடைக்காரர் கொக்கியை மாற்றித் தந்தார் என்றாலும், அதன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை, மாற்றிவிட்டேன். மூடும்போது இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் தாடையைப் பிடித்து ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உள்ளே இருக்கும் கொக்கி உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேட்டு, உலோகமாக இருப்பதையே வாங்குங்கள்.

இந்த வகை ஹெல்மெட் புதுமையானது அல்ல. பிஎம்டபிள்யூ நிறுவனம் 1981-லேயே இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாடைக்குக் கவசம் ஏன் வேண்டும் என்பதற்கும் ஜெர்மனியிலிருந்தே ஆதாரம் கிடைக்கிறது: டீட்மர் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்தில் சிக்கியவர்களின் ஹெல்மெட்டுகளில் அடி எங்கே விழுந்தது என்று ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருந்தது. பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறவருக்கு இந்தச் செய்தி போதும். முகாம் வாசலுக்கு வசதி என்பதற்காக அரை ஹெல்மெட்டுடன் மலைப்பாதை முழுவதும் போவதை என்னால் ஏற்க முடியவில்லை; வாசலில் நிற்பது ஒரு நிமிடம், பாதையில் ஓடுவது ஒரு மணி நேரம்.

இதனாலேயே இந்த வகையின் உண்மையான ஆபத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வளாகத்துக்குள் வேகக் கட்டுப்பாடு கடுமையானது. மெதுவாகத்தானே போகிறோம், அடுத்த வாசல் வந்துவிடும், மறுபடியும் திறக்க வேண்டும் என்று எண்ணித் தாடையைத் தூக்கியபடியே ஓட்டுவது பலருக்கும் பழக்கமாகிவிடுகிறது. அப்படி ஓட்டும்போது அது அரை ஹெல்மெட்டுக்குச் சமம். அதைவிட மோசம் என்றும் சொல்லலாம், ஏனென்றால் தூக்கிய பகுதியின் எடை நெற்றிக்கு மேலே போய்க் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஐரோப்பியத் தர விதிகளில் இதற்கென்றே குறியீடு உண்டு. 'பி' என்றால் தாடையை மூடி ஓட்டும்போது பாதுகாப்பு, 'ஜே' என்றால் திறந்து ஓட்டவும் சோதிக்கப்பட்டது. 'பி/ஜே' என்று இரண்டும் இருந்தால் இரண்டு நிலையிலும் ஓட்டலாம். 'என்பி' என்று போட்டிருந்தால் அந்தத் தாடைப் பகுதியைப் பாதுகாப்பாகவே கருதக்கூடாது. நம்மூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டுமே இருக்கும். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்க முடியாது. எனவே அது இருப்பது கட்டாயம். ஆனால் திறந்து ஓட்டலாம் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. நான் பின்பற்றுவது இதுதான்: சக்கரம் உருளும்போது தாடை மூடியிருக்கும், வண்டி நின்ற பிறகே திறக்கும். வாசலுக்கு முன் வளைந்து வளைந்து போகும்படி டிரம்களை வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் மெதுவாகப் போகும் வண்டிதான் சாயும்.

மூடுபனியைப் பற்றிச் சொல்லாமல் நீலகிரியில் ஹெல்மெட் விமர்சனம் எழுத முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அருவங்காடு பக்கம் மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிடும். ஓடும்போது காற்று பட்டு, முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற மூடியான வைசர் தெளிவாக இருக்கும். வாசலில் வரிசையில் நின்றதும் மூச்சுக்காற்று உள்ளே படிந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். ஃபிளிப்-அப்பில் தாடையைத் தூக்கியவுடன் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுவது உண்மைதான். ஆனால் அட்டையைக் காட்டிவிட்டு மூடிய மறு நிமிடமே, குளிர்ந்துபோன வைசரின் மேல் சூடான மூச்சு பட்டு மறுபடியும் படிந்துவிடும். அதுவும் டிரம்களுக்கு நடுவே, எதிரே நடந்து வருகிறவர்கள் இருக்கும் இடத்தில். இதற்கு இரண்டு பொருள்கள் உண்மையாகவே உதவுகின்றன. ஒன்று, மூக்குக்கு மேலே பொருத்தும் ரப்பர் மூச்சுத் தடுப்பு. இது பல ஹெல்மெட்டுகளுடன் வருகிறது, ஆனால் பெட்டியிலேயே கிடக்கும். மற்றொன்று பின்லாக் எனப்படும் உள் வைசர். முதன்மை வைசரில் உள்ள இரண்டு சிறு குமிழ்களுக்கு நடுவே அதை மாட்டினால், இரண்டு அடுக்குக்கும் இடையே காற்று அடைபட்டு, உள்பக்கம் குளிராமல் இருக்கும். எனவே ஈரம் படியாது. அந்தக் குமிழ்கள் இல்லாத வைசரில் இதைப் பொருத்த முடியாது. ஆகவே மலையில் இருப்பவர்கள் வாங்கும்போதே வைசரின் இரு ஓரங்களையும் பார்த்துவிட வேண்டும். சோப்பு நுரை தடவுவது, உருளைக்கிழங்கு தேய்ப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் குன்னூர் மழையில் அதிக நேரம் தாங்குவதில்லை.

பெரும்பாலான ஃபிளிப்-அப் ஹெல்மெட்டுகளில் உள்ளே ஒரு கறுப்பு வைசர் தனியாக இறங்கும். வெயிலுக்கு நல்லது, வாசலில் அது கண்களை முழுதாக மறைத்துவிடும். தாடையைத் தூக்கினாலும் இந்தக் கறுப்பு வைசர் தனியே நிற்கும் என்பதால், அதை மேலே ஏற்றும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடது பக்கம் இருந்தால் முன் பிரேக்கை விடாமலே ஏற்றிவிடலாம். முழுக் கறுப்பு நிற முதன்மை வைசரைப் பொறுத்தவரை, படைமுகாம் பக்கம் போகிறவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

கேமரா விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஹெல்மெட்டின் தாடையில் சிறு கேமராவை ஒட்டி, ஊட்டிப் பயணத்தை முழுவதும் படம் பிடிப்பது இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. பொதுச் சாலையில் அது அவர்கள் விருப்பம். ஆனால் தடைசெய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய விஷயம். வாசல்களில் படம் எடுக்கத் தடை என்ற பலகையும் இருக்கிறது. கேமரா அணைந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னாலும், எதிரே நிற்பவரால் அதை எப்படி உறுதி செய்ய முடியும்? வாசலுக்கு வெகு முன்னரே ஓரமாக நிறுத்தி, கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எனவே தாடையில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியைத் தவிர்த்து, எளிதில் கழற்றக்கூடியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1903-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த நண்பர்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இயல்பான பழக்கம்; வாசலுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதைக் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இரவில் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டைத் தாண்டிய ஒரு சிக்கல் உண்டு. வாசலில் முகப்பு விளக்கை அணைக்கச் சொல்வது பழைய வழக்கம். கண் கூசினால் காவல் நிற்பவரால் எதையும் பார்க்க முடியாது என்பதே காரணம். ஆனால் 2017 ஏப்ரல் முதல் வரும் இரு சக்கர வண்டிகளில் விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடும்வரை விளக்கும் எரியும். பழைய புல்லட் வைத்திருப்பவர் அணைத்துவிடுவார், புது வண்டிக்காரர் திகைப்பார். தூரத்திலேயே டிப் செய்துவிட்டு, நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுவதுதான் சரியான வழி. எஞ்சின் சத்தமும் நின்றுவிடுவதால் அவர் கேட்பது நமக்கும் காதில் விழும். ஃபிளிப்-அப் ஹெல்மெட்டில் காதுப் பகுதி தடித்த பஞ்சால் மூடியிருப்பதால் இது இன்னும் முக்கியம். நிற்கச் சொன்னது கேட்கவில்லை என்பது அந்த இடத்தில் ஏற்கக்கூடிய சமாதானம் அல்ல.

அடையாள அட்டையை வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேன்ட்டின் பின்பையில் பர்ஸுக்குள் இருக்கும் அட்டையை மழைக்கோட்டைத் தாண்டி ஒரு கையால் எடுக்க முடியாது. மழைக்கோட்டின் இடது மார்புப் பையில், ஒளி ஊடுருவும் உறையில் இருந்தால் போதும். அமெரிக்கப் படைத்தளங்களில் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட்டோடு முழு விரல் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் காலணி, முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை எல்லாமே பாதுகாப்புத் துறையின் விதிப்படி கட்டாயம். படையினருக்கு ஓட்டுநர் பயிற்சி வகுப்பும் கட்டாயம். அங்கே வாசலைக் கடக்கிறவருக்கும் இதே ஒரு கைச் சிக்கல்தான். நம்மிடம் கையுறை கட்டாயமில்லை என்பதால் பலர் அணிவதில்லை. பனிக்காலத்தில் மட்டும் அணிகிறார்கள். ஆண்டு முழுவதும் அணிவதே நல்லது என்று நினைக்கிறேன்.

குறைகளில் எடையே முதன்மையானது. கீலும் கொக்கியும் சேர்வதால், ஒத்த தரமுள்ள முழு ஹெல்மெட்டைவிட ஃபிளிப்-அப் கனமாகத்தான் இருக்கும். வேகமாகப் போகும்போது இணைப்புகள் வழியாகக் காற்றின் இரைச்சலும் கூடுதலாக வரும். கோவைக்குப் போய்த் திரும்பும் நாளில் என் கழுத்து அதைத் தெரிந்துகொள்கிறது. கழுத்து வலியோ தேய்மானமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வாசலைக் கடந்து, மற்ற நாட்களில் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல முழு ஹெல்மெட்டே போதும்; வாசலில் இறங்கிக் கழற்றுவது அவர்களுக்குப் பெரிய சுமையாக இருக்காது. தினமும் உள்ளே போகும் சிவில் ஊழியர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், மருத்துவமனைக்கு அடிக்கடி போகும் ஓய்வூதியர்கள், மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் ஆகியோருக்குத்தான் இதை உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

பின்னால் அமர்ந்து வருகிறவருக்கும் இதே வகை வேண்டுமா என்று என் மனைவி கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பின்னிருக்கையில் இருப்பவருக்கும் பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மீறினால் 1,000 ரூபாய் அபராதம். ஆனாலும் கடைகளில் பெண்களுக்கென்று கேட்டால் மெல்லிய அரை ஹெல்மெட்டைத்தான் எடுத்துத் தருகிறார்கள். சாலையில் விழும்போது முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்று வேறுபாடு கிடையாது. எனவே அவருக்கும் ஃபிளிப்-அப் வகையையே, அவர் தலைக்கு ஏற்ற அளவில் வாங்கினோம். அவருக்கு இரண்டு கையும் ஓய்வாக இருப்பதால் பொத்தானைப் பற்றிக் கவலையில்லை. கொண்டைக்குப் பின்னால் இடம் இருக்கிறதா, தலையை அசைத்தால் ஹெல்மெட்டும் கூடவே அசைகிறதா என்பதைத்தான் பார்த்தோம். சரியான அளவு கிடைக்க மூன்றாவது கடை வரை போக வேண்டியிருந்தது, ஏனென்றால் சிறிய அளவுகளைக் குன்னூர்க் கடைகள் அதிகம் இருப்பு வைப்பதில்லை; மேட்டுப்பாளையத்தில் கிடைத்தது.